வீதி மூழ்கிய ஊர்கள்

இடவிளக்கப்படம் என்றதும் நம்மில் பலருக்குச் சாதாரண தரப் புவியியல் வினாத்தாள்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைநாட்டில் ஊரை இழந்த குடும்பங்களுக்கோ அது ஊர் இருந்ததற்கான அத்தாட்சி.

அங்குள்ள புவியியல் அளவைத் திணைக்களம் 1884 முதல் இப்படங்களை அச்சிட்டு வருகிறது. கபிலத்தில் சமவுயரக் கோடு, நீலத்தில் நீர், கறுப்பில் மனிதர் கட்டியவை. வீடு ஒரு சின்னக் கறுப்புச் சதுரம். மேலே கொடி இருந்தால் பாடசாலை, சிலுவை இருந்தால் தேவாலயம்.

வட கரோலினாவில் ஹேசல் கிரீக் ஓடையோரம் புரொக்டர் என்றொரு ஊர். மரக் கம்பனி ஒன்று ரயில் பாதை போட்டுக் காட்டை வெட்டி, 1928இல் போய்விட்டது. சனங்களில் ஒரு பகுதியினர் அங்கேயே இருந்தார்கள். 1942இல், யுத்த விமானங்களுக்கு அலுமினியம் வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும் என்று பொன்டானா அணையைக் கட்டத் தொடங்கினார்கள். 480 அடி உயரம். 1944 நவம்பரில் நீர் தேங்க ஆரம்பித்தது.

ஒன்றைக் கவனியுங்கள். வடகரையில் பல காணிகளில் தண்ணீர் ஏறவேயில்லை. மூழ்கியது அவற்றுக்குப் போகும் வீதி. புது வீதி போடுவதைவிடக் காணியை எடுப்பது மலிவு என்று கணக்குப் பார்த்தார்கள். சுமார் 44,000 ஏக்கர் தேசியப் பூங்காவுக்குப் போனது. யுத்தம் முடிந்ததும் வீதி தருவோம் என்று 1943இல் உடன்படிக்கையும் எழுதினார்கள். ஏறக்குறைய 7 மைல் போட்டு, ஒரு சுரங்கமும் குடைந்து, 1970களின் தொடக்கத்தில் கைவிட்டார்கள். சுரங்கத்துக்கு அப்பால் காடுதான். 'எங்கும் போகாத வீதி' என்று ஊரார் பெயர் வைத்துவிட்டார்கள். கடைசியில் 2010இல், வீதிக்குப் பதிலாக அந்த மாவட்டத்துக்கு 52 மில்லியன் டொலர் என்று முடிவானது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தப் பள்ளத்தாக்கை 1:24,000 என்ற நுணுக்கமான அளவில் வரைந்ததில், அணை கட்டிய டென்னஸி பள்ளத்தாக்கு அதிகாரசபைக்கே பெரிய பங்கு. யார் வீடு எங்கே என்று தெரியாமல் எடுக்கவில்லை!

பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓடையோரம் வரிசையாக நின்ற கறுப்புச் சதுரங்களின் இடத்தில் கீழே நீலம், மேலே பச்சை. காட்டுக்குள் மையவாடிக் குறிகள் மட்டும் அங்கங்கே நிற்கின்றன. கோடை காலத்தில் உறவினர்கள் படகில் ஏரியைக் கடந்து, காட்டுப் பாதையில் ஏறிப்போய், கல்லறைகளைத் துப்புரவு செய்து பூ வைத்துவிட்டு வருகிறார்கள்.

பழைய படங்களைத் திணைக்களம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. உயர்தரத்துக்குப் புவியியல் படிக்கும் பிள்ளைகள் பொன்டானா ஏரிப் பகுதியின் இரண்டு காலப் படங்களை இறக்கிப் பார்க்கலாம்.