சாமமும் ஸாமும்

கிணத்துக்கடவிலிருந்து மக்கா எவ்வளவு தூரம் என்று மாணவர் ஒருவர் அண்மையில் நம்மிடம் வினவினார். நாம் வாய் திறக்குமுன், "ஐந்து மணி நேரம்" என்று அருகிலிருந்தவர் விடையிறுத்தார். தூரத்தைக் கேட்டதற்குக் காலம் விடையாக வந்தது. பிழையென்று நகைத்துவிட வேண்டா; நம் முன்னோரும் அவ்வாறே அளந்தனர்.

கி.பி. 15ஆம் நூற்றாண்டின் அரபுக் கடலோடி இப்னு மாஜிதும் அவர் காலத்து மாலுமிகளும் கடல்தூரத்தை 'ஸாம்' என்னும் அளவால் குறித்தனர். மூன்று மணி நேரத்தில் கப்பல் ஓடும் தூரம் ஒரு ஸாம். ஓர் இரவும் பகலும் சேர்ந்து எட்டு ஸாம். தமிழிலோ ஏழரை நாழிகை ஒரு சாமம். அதுவும் மூன்று மணி நேரம், நாளொன்றுக்கு எட்டு. ஒலியாலும் அளவாலும் இவ்விரண்டும் ஒத்திருப்பது சிந்திக்கத் தக்கது.

அக்கப்பல்களை மலபார்க் கரைக்குக் கொணர்ந்தது தென்மேற்குப் பருவக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து ஆடி மாதத்தில் நம் ஊர்த் தென்னைகளை உலுக்குவதும் அதே காற்றுத்தான்!

நிலவழித் தூரத்தை ஆராய்ந்த பேரறிஞர் அல்பிரூனி. 1025இல் அவர் நிறைவு செய்த 'தஹ்தீத்' என்னும் நூல், பகுதாதுக்கும் கஸ்னாவுக்கும் இடையிலுள்ள தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணித்தது. வணிகக் கூட்டங்கள் நடந்த பாதை வளைந்து நெளிந்தது என்பதை அறிந்து, அந்தத் தூரத்தில் ஒரு பகுதியைக் கழித்தே நேர்த்தூரத்தை அவர் கண்டார். கிப்லாவின் திசையைத் திருத்தமாக அறிவதும் அவ்வாய்வின் நோக்கங்களுள் ஒன்று.

அம்முறையில் நம் ஊரை நோக்குவோம். கோவை வட்டாரத்திலிருந்து மக்காவுக்கு நேர்த்தூரம் ஏறத்தாழ 4,100 கிலோமீட்டர். திசையோ நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 21 பாகை சாய்ந்தது. மணிக்கு 850 கிலோமீட்டர் விரையும் விமானத்துக்கு இத்தூரம் ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு. ஆயினும் வான்பாதையும் வளைவதுண்டு. மேல்வானக் காற்றும் பருவந்தோறும் திசை மாறும். ஆதலால் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாயிரா. பாய்மரத்தை ஆண்ட காற்று விமானத்தையும் முற்றாக விட்டுவிடவில்லை.

நம் சிறு வயதில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டோர் 1915இல் போடப்பட்ட மீட்டர்கேஜ் பாதையில் போத்தனூர் சென்று, அங்கிருந்து பம்பாய் ரயிலேறினர். பின்னர் ஜித்தா வரை ஒரு வாரத்திற்கும் மேலான கடற்பயணம். பம்பாய் ஹஜ் கப்பல் 1995உடன் நின்றது. புறப்படுமுன் அவர்கள் வீடுவீடாகச் சென்று, கடனைத் தீர்த்து, பகை கொண்டோரிடமும் மன்னிப்புக் கேட்டதை நாம் கண்டிருக்கிறோம். திரும்புவோமோ என்னும் அச்சமே உள்ளத்தைக் கழுவியது.

இன்று அச்சம் நீங்கியது. அது இறைவனின் அருட்கொடை. ஆனால் மன்னிப்புக் கேட்பதும் கைபேசிச் செய்தியாகச் சுருங்கிவிட்டதே! 4,100 கிலோமீட்டரை ஐந்து மணியில் கடக்கும் நாம், நான்கு வீடு தள்ளியிருக்கும் உறவினரை அடைய எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறோம்? அந்தத் தூரத்தை அளக்க ஸாமும் இல்லை, சாமமும் இல்லை. நடந்தே கடக்க வேண்டும்.