டாலர், பதக்கம், வாயு சேனா

பழனி அடிவாரத்தில் கடைக்குக் கடை முருகன் டாலர் தொங்குகிறது. வேல், மயில், ஓம் என்று விதவிதமாக. சங்கிலியில் கோப்பதை இன்று யாரும் பதக்கம் என்று கேட்பதில்லை. "ஒரு டாலர் குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். அந்த இடம் முன்பு பதக்கத்துக்கு உரியது. கல் இழைத்து, கழுத்துச் சரத்தின் நடுவே மார்பில் படியும் அணி என்பதே அதன் பழைய பொருள். வடமொழிப் 'பதக'த்தோடு அகராதிகள் இதைச் சேர்த்துச் சொல்லும். ஆங்கிலேயர் காலத்தில் மெடல் வந்தபோது, அதற்கு ஈடாகப் பதக்கத்தை எடுத்துக்கொண்டோம். கழுத்தில் காலியான இடத்தை வெளிநாட்டுக் காசின் பெயர் பிடித்துக்கொண்டது.

படை மரியாதைக்குத் தமிழில் பழைய பெயர்கள் வேறு. படைத்தலைவனுக்கு ஏனாதிப் பட்டமும் அதற்குரிய மோதிரமும் கிடைத்தன. பாடி வந்த பாணனுக்கோ பொன்னால் செய்த தாமரை. பொதினி என்ற இதே பழனியைச் சங்ககால வள்ளல் பேகன் ஆண்ட காலத்து வழக்கம் இது.

விமானப்படைக்காரர்களுக்கென்று பதக்கம் தனியாகப் பிறந்தது 1918இல். ஏப்ரல் 1 அன்று பிரிட்டனில் ராயல் விமானப்படை உருவானது. ஜூன் 3 அன்று நான்கு விருதுகளை ஏற்படுத்தினார்கள். அதிகாரி என்றால் சிலுவை, அவருக்குக் கீழே உள்ளவர் என்றால் மெடல். ஆக, மெடல் என்ற சொல்லிலேயே ஒரு படி இறக்கம் இருந்தது. எதிரியோடு மோதிப் பறந்தவருக்கு ஊதாவும் வெள்ளையும் கலந்த நாடா. மோதல் இல்லாத பறப்புக்குச் சிவப்பும் வெள்ளையும். முதலில் குறுக்காக ஓடிய கோடுகளை 1919இல் சாய்த்தார்கள். நெஞ்சில் வரிசையாகக் குத்திய நாடாக்களில் விமானக்காரரைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது அந்தச் சாய்வுதான்.

இந்தியா 1960 ஜூன் 17 அன்று தன் விமானப்படைக்கென வாயு சேனா பதக்கத்தை ஏற்படுத்தியது. சிலுவை போயிற்று, படிநிலை போயிற்று. எல்லாத் தரத்தினருக்கும் ஒரே பதக்கம். சாய்வுக் கோடு மட்டும் போகவில்லை. சாம்பல் நிறமும் காவியும் மாறி மாறி, மெல்லிய கோடுகளாக நாடாவில் சரிந்து இறங்குகின்றன. பதக்கம் வெள்ளியாலான நட்சத்திரம். அதன் முனைகள் தாமரை போல விரிகின்றன. நடுவே அசோகர் தூண், பின்பக்கம் இமயமலைக் கழுகு. வரைந்தவர் பாணனின் பொற்றாமரையை நினைத்திருக்க மாட்டார். எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

எதிரி இல்லாத வானத்திலும் துணிவு வேண்டும். 2018 மார்ச்சில் போடி பக்கம் குரங்கணிக் காடு பற்றி எரிந்தபோது, சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மலைச்சரிவில் புகைக்குள் பறப்பது சும்மா காரியம் அல்ல. மோதலையும் மோதல் இல்லாததையும் இரண்டு நிறமாகப் பிரித்த பழைய ஏற்பாட்டைவிட, இரண்டுக்கும் ஒரே நாடா என்பதே நியாயம். அரசு அறிவிப்பில் மட்டும் வீரத்துக்கு, கடமைப் பற்றுக்கு என்று பிரித்துப் போடுகிறார்கள்.

செய்தி எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். பெயருக்குப் பின்னால் வி.எம். என்று இருந்தால்தான் அது வாயு சேனா பதக்கம். வி.எஸ்.எம். என்பது விசிஷ்ட சேவா பதக்கம். அது முப்படைக்கும் பொது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.