எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்காதீர்கள்

மறுகுடியமர்வு வீடு என்றதும் நாம் கேட்பது, "எத்தனை சதுர அடி?" அதே அளவு முக்கியமான இன்னொரு கேள்வி உண்டு. ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவே எத்தனை அடி? மும்பையின் வரலாற்றில் இந்தக் கேள்வி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது.

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. நெரிசலான சந்துகளின் கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று ஆங்கிலேய அதிகாரிகள் பலர் நம்பினார்கள். 1898-இல் 'பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்' அமைக்கப்பட்டது. கடல்காற்று ஊருக்குள் நுழைய வேண்டும் என்று, மேற்கிலிருந்து கிழக்காக பிரின்சஸ் தெரு போன்ற அகலச் சாலைகளை டிரஸ்ட் வெட்டியது. வழியில் இருந்தவை ஏழைகளின் வீடுகள். டிரஸ்ட் இடித்தது அதிகம், கட்டியது குறைவு. வெளியேற்றப்பட்டவர்கள் பக்கத்துச் சந்துகளில் போய் அடைந்தார்கள். ஓரிடத்தில் குறைந்த நெரிசல் இன்னோரிடத்தில் கூடியது.

பிளேக்கை எலித்தெள்ளுதான் பரப்புகிறது என்பது பிறகு உறுதியானது. ஆனால் அந்தக் காலத்தில் உருவான ஒரு விதி இன்றும் நமக்குத் தேவை. 1910-களில் டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே.பி. ஓர், அறைக்குள் வெளிச்சம் விழ '63½ பாகை விதி'யை வலியுறுத்தினார். கணக்கு எளிது: எதிர்க் கட்டடத்தின் உயரத்தில் பாதியளவாவது முன்னால் வெற்றிடம் இருக்க வேண்டும். 24 மீட்டர் உயரம் என்றால் 12 மீட்டர் இடைவெளி. டிரஸ்டின் சால்களில் ஆலைத் தொழிலாளர்கள் ஒற்றை அறைகளில் குடும்பம் நடத்தினார்கள். பரேலில் இருந்த அப்படியொரு சாலில்தான் அம்பேத்கர், தாதரில் ராஜகிருகம் கட்டிக் குடியேறும்வரை வாழ்ந்தார்.

இனி கோவண்டிக்கு வருவோம். மும்பையின் கிழக்கே, தேவ்னார் குப்பைக் கிடங்கை ஒட்டிய பகுதி இது. தலித்துகளும் முஸ்லிம்களும் பெருமளவில் வாழ்கிறார்கள். சாலை, ரயில் திட்டங்களுக்காக அகற்றப்பட்ட குடும்பங்களை 2000-களில் நட்வர் பாரேக் காம்பவுண்டு, லல்லுபாய் காம்பவுண்டு ஆகிய குடியிருப்புகளில் வைத்தார்கள். நட்வர் பாரேக்கில் ஏழு மாடிக் கட்டடங்கள். நடுவே இருப்பதோ சுமார் 3 மீட்டர். குடிசை மறுவாழ்வுத் திட்டம் என்ற பெயரில் இடைவெளி விதிகள் தளர்த்தப்பட்டன. ஏழைகளின் வீடுகளைக் குறைந்த நிலத்தில் அடுக்கிவிட்டு, மிச்ச நிலத்தை விற்பனைக்கு விடுவதே இத்தகைய திட்டங்களின் பொருளாதாரம்.

இதனால் காற்று என்ன ஆகிறது? நகரங்களின் காற்றோட்டத்தை ஆராய்ந்தவர்கள் கட்டடத்தின் உயரத்தை இடைவெளியின் அகலத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். இடைவெளி தாராளமாக இருந்தால் காற்று கீழே இறங்கித் தெருவைத் துடைத்துக்கொண்டு போகும். குறுகக் குறுக, கூரைகளின் மேலேயே வழுக்கிச் சென்றுவிடும். சந்துக்குள் இருக்கும் காற்று மெதுவாகச் சுழலும், அடிமட்டத்தில் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். ஓர் சொன்ன விதிப்படி இந்த விகிதம் 2. ஏழு மாடிக்கு 3 மீட்டர் என்றால் அது 7-ஐ எட்டும். அடுப்புப் புகை, குப்பைப் புகை, இருமலில் வெளிவரும் கிருமி எல்லாம் அங்கேயே தங்கும். காசநோய்க் கிருமி வெயிலில் சாகும், நல்ல காற்றோட்டத்தில் நீர்த்துப்போகும். இங்கே இரண்டுமே இல்லை.

2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவர்களும் மும்பை ஐ.ஐ.டி.யினரும் இந்த இரு குடியிருப்புகளையும், இடைவெளி அதிகமுள்ள இன்னொரு குடியிருப்பையும் ஒப்பிட்டார்கள். நெருக்கிக் கட்டிய இடங்களில் காசநோய் பல மடங்கு அதிகம். கீழ்த்தள வீடுகளில் பாதிப்பு இன்னும் கூடுதல்.

"குடிசையைவிட மாடிவீடு மேல் இல்லையா?" என்பார்கள். கழிப்பறையும் தண்ணீரும் வேண்டும்தான். அதற்கு விலையாக நுரையீரலைக் கேட்கக் கூடாது. ஊருக்கு வெளியே சேரியை வைத்தவர்கள் நிலத்தில் பங்கு தர மறுத்தார்கள். இன்றைய கட்டட வரைபடம் சட்டப்படியே காற்றில் பங்கு தர மறுக்கிறது. வரைபடத்தில் சாதி எழுதப்பட்டிருக்காது. ஆனால் விதி தளர்த்தப்படும் கட்டடத்தில் யார் குடியேற்றப்படுகிறார்கள் என்று பாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து போன நம் மக்கள் தலைமுறைகளாக வாழும் தாராவியிலும் இப்போது மறுசீரமைப்பு நடக்கிறது. பேச்சு முழுவதும் 350 சதுர அடியைச் சுற்றித்தான். சென்னையிலும் நகருக்கு வெளியே அடுக்குமாடி மறுகுடியமர்வுகள் இருக்கின்றன. படிக்கும் தோழர்கள் ஓர் அளவுநாடாவுடன் அங்கே போகலாம். மாடிகளை எண்ணுங்கள், இடைவெளியை அளங்கள், கீழ்த்தளத்தில் எத்தனை வீடுகளில் இருமல் என்று கேளுங்கள். கட்டும் முன்பே தகவல் உரிமைச் சட்டத்தில் மனைப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். கட்டிய பிறகு சுவரை நகர்த்த முடியாது.