கடற்கரை மணலும் இதயத்தின் வாயில்களும்

கயிற்றில் ஒட்டிய மணலிலிருந்து இவ்வரலாறு தொடங்குகிறது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலை 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஆராய்ந்தார். அதில் மோனசைட் என்னும் கனிமம் இருக்கக் கண்டார். மணல் வந்த இடத்தைத் தேடிச் சென்றபோது அது மணவாளக்குறிச்சியாக இருந்தது. இன்று அவ்வூர் குமரி மாவட்டத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1 வரை அதற்குத் தலைநகர் திருவனந்தபுரமே. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மாண்டிலுக்கு வேண்டிய தோரியத்துக்காக அன்று மோனசைட்டைத் தேடினார்கள். அதே மணலில் தோரியத்தைவிட மிகுதியாகச் சீரியம் என்னும் உலோகமும் உண்டு. 

1951-இல் திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அங்கே ஒருவகை இதய நோயாளர் தொடர்ந்து வரலாயினர். பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் இளைஞர்களும் ஆவர். வயிறு நீர் கோத்துப் பானைபோல் பெருத்திருக்கும், கைகால்கள் மெலிந்திருக்கும். இதயத்தின் கீழறையின் உட்சுவரில் வெண்மையான நார்த்திசு தடித்துப் படர்ந்து, குருதி நிறைய வேண்டிய இடத்தையே அடைத்துவிடுகிறது. 1948-இல் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் டேவிஸ் என்பவர் விவரித்த நோயே இது. உலகில் வெப்பமண்டலத்தின் சில பகுதிகளில் மட்டும் காணும் இந்நோய்க்குக் கேரளக் கடற்கரை ஏன் இடமாயிற்று?

இவ்வினாவைக் கைவிடாது பற்றிக்கொண்டவர் டாக்டர் எம். எஸ். வலியத்தான். அம்மருத்துவக் கல்லூரியிலேயே பயின்று, பின்னர் வெளிநாட்டில் அறுவை மருத்துவம் கற்று, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தை வளர்த்தவர் அவர். அந்நிலையம் 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. தடித்த உட்சுவரை அறுத்தெடுத்துச் செயற்கை வால்வு பொருத்தும் கடினமான சிகிச்சையை அவரே செய்துவந்தார். ஆயின் அறுத்தெடுத்த திசுவை மேலும் ஒரு கேள்விக்கு உட்படுத்தினார்: இதில் என்னென்ன தனிமங்கள் உள்ளன? டாக்டர் சி. சி. கர்த்தாவும் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்களும் உடன் உழைக்க, 1986-இல் விடை வெளியாயிற்று. நோயுற்ற இதயத்தில் சீரியமும் தோரியமும் மிகுந்திருந்தன, மெக்னீசியம் குறைந்திருந்தது.

இதயத்துக்கும் உலோகத்துக்கும் என்ன தொடர்பு? இங்கே சிறிது நின்று பார்க்க வேண்டும். உயிரணு ஒவ்வொன்றையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு மூடியுள்ளது. மின்னேற்றம் பெற்ற அணுக்களாகிய அயனிகள் கொழுப்பினூடே செல்லமாட்டா. அவற்றுக்கெனச் சவ்வில் புரதத்தாலான நுண்ணிய வாய்க்கால்கள் உண்டு. 1883-இல் இலண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புநீரில் துடிக்கவைத்துப் பார்த்தார். குழாய் நீரில் கலந்த கரைசலில் அது துடித்தது. காய்ச்சி வடித்த நீரில் கலந்தபோது நின்றுவிட்டது. குழாய் நீரில் இருந்த கால்சியமே துடிப்பைக் காத்தது என்று தெரிந்தது. தற்செயலான ஒரு நிகழ்ச்சியை வீணாக்காத அறிவு அது! 1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் அயனிகளின் ஓட்டத்தைக் கணக்கிட்டனர். 1976-இல் நெயர், சாக்மன் இருவரும் ஒரே ஒரு வாய்க்கால் திறந்து மூடுவதையே மின்கருவியில் பதிவு செய்தனர். 1998-இல் மக்கின்னன் பொட்டாசிய வாய்க்காலின் உருவத்தையே காட்டினார். பொட்டாசிய அயனி தன்மேல் போர்த்திய நீரைக் களைந்துவிட்டு, அவ்வாய்க்காலின் குறுகிய கழுத்தில் உள்ள ஆக்சிஜன் அணுக்களைத் தழுவிக்கொண்டு கடக்கிறது. அதனினும் சிறிய சோடியத்துக்கு அத்தழுவல் பொருந்தாமையால் வழி கிடைப்பதில்லை. சிறியதாயிருந்தால் எங்கும் நுழையலாம் என்னும் நம் எண்ணம் இங்கே செல்லாது.

கால்சியத்தின் வாய்க்காலுக்கும் இத்தகைய தேர்வு உண்டு. இதயம் துடிக்கும்தோறும் அதன் வழியே கால்சியம் தசையணுவுள் புகுகிறது. சீரியம், லாந்தனம் முதலிய அருமண் உலோகங்களின் அயனிகள் பருமனில் ஏறத்தாழக் கால்சியத்தை ஒத்தவை. மின்னேற்றமோ இரண்டன்று, மூன்று. ஆகவே கால்சியம் அமரும் இடத்தில் இவை இறுக அமர்ந்து வழியை மறிக்கின்றன. ஆய்வுக்கூடங்களில் கால்சிய ஓட்டத்தை நிறுத்த லாந்தனத்தைக் கையாளுவது பழைய வழக்கம்.

மணலிலிருந்து மனிதனுக்கு இவ்வுலோகம் வந்த வழி எது? வலியத்தான் குழுவினர் கிழங்குகளைச் சுட்டினர். நாஞ்சில் நாட்டார் மரச்சீனி என்று சொல்லும் மரவள்ளி, விசாகம் திருநாள் மன்னர் காலம் முதல் திருவிதாங்கூர் ஏழைகளின் பசி தீர்த்த உணவு. அதனைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. பஞ்சத்தில் எத்தனையோ குடும்பங்களைக் காத்தது அது. ஆயினும் அதனையே பெரிதும் உண்டு, புரதமும் மெக்னீசியமும் போதாத உடலில் சீரியம் தீங்கு செய்யலாம் என்பது அவர்கள் கருதுகோள். மெக்னீசியத்தைக் குறைத்துச் சீரியம் ஊட்டிய எலிகளின் இதயத்தில் நார்த்திசு வளர்ந்ததை அதே நிலையத்தின் ஆய்வாளர் 1990-களில் கண்டனர்.

எல்லோரும் இதனை ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. குடற்புழுக்களால் குருதியில் மிகும் ஒருவகை வெள்ளணுவே காரணம் என்பாரும், வறுமையே வேர் என்பாரும் உண்டு. வழக்குத் தீர்வதற்குள் நோயே அரிதாகிவிட்டது. கேரளத்தில் ஊட்டமும் சுகாதாரமும் உயர்ந்த பின், அந்நோயோடு வரும் புதிய பிள்ளைகள் மிகக் குறைந்தனர். இன்று பரிசோதனைக்கு வருவோர் பெரும்பாலும் நடு வயதினர். வலியத்தான் 2024 ஜூலையில் மறைந்தார். மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரித்தெடுக்கும் ஆலை இன்றும் நடைபெறுகிறது.