அரசு கவர்ந்தோன் காசு

உரோம வெள்ளிக்காசு ஒன்று கையிற் கிடைத்தால், அதனை வெளியிட்ட அரசன் யாவன் என்று எவ்வாறு அறிவது? முகத்தை மட்டும் நம்புதல் கூடாது. தேய்ந்த முகங்கள் யாவும் ஒன்றுபோலவே தோன்றும். விளிம்பைச் சுற்றியுள்ள எழுத்துகளே முதற்சான்று. பின்னரே எடையும், வெள்ளியின் தூய்மையும், பின்புறத்து உருவமும்.

கரூர்ப் பக்கத்திலும் கொங்கு நாட்டிலும் கிடைத்த வெள்ளிக்காசுகளுள் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் இருவருடையவையே. திபேரியஸ் (கி.பி. 14–37) காசின் ஒருபுறம் மாலை சூடிய அவன் தலை, மறுபுறம் கையிற் கோலும் கிளையும் தாங்கி அமர்ந்த மாது. அவனுடைய தாய் லிவியாவே அவள் என்பர். எடை ஏறத்தாழ மூன்றே முக்கால் கிராம். இவற்றைப் பார்த்து இந்நாட்டார் செய்த போலிகளும் உண்டு. அவற்றில் எழுத்துகள் வெறுங் கோடுகளாய்ச் சிதைந்திருக்கும்.

முறையின்றி அரியணை கவர்ந்தோரும் உரோம வரலாற்றிற் பலர். அரியணை ஏறியதும் அவர்கள் செய்த முதல் வேலைகளுள் ஒன்று காசு அடித்தலாம். நாளிதழும் வானொலியும் இல்லாத காலத்தில், தம் பெயரை ஊரூராய்க் கொண்டுசெல்ல அதனினும் சிறந்த முரசு ஏது? கரௌசியஸ் என்பான் கடற்படைத் தலைவன். கடற்கொள்ளையரிடம் மீட்ட பொருளைத் தானே வைத்துக்கொண்டான் என்ற பழிக்கு ஆளானவன். கொலைத்தண்டனைக்கு அஞ்சி, 286-இல் பிரிட்டனில் தன்னையே பேரரசனாக அறிவித்தான். 293-இல் தன் அமைச்சன் அலெக்டஸால் மாண்டான். உரோமின் காசு வெள்ளிப் பூச்சளவாய்த் தாழ்ந்திருந்த அந்நாளில், இவனோ நல்ல வெள்ளியில் அடித்தான்! அக்காசுகளின் அடியில் ஆர்.எஸ்.ஆர். என மூன்றெழுத்து. நெடுங்காலம் புதிராயிருந்த அது, வெர்ஜில் என்னும் புலவர் பாடிய பொற்காலம் மீள்வது பற்றிய அடியொன்றின் முதலெழுத்துகள் என 1990-களின் இறுதியில் விளக்கப்பட்டது. 2010-இல் இங்கிலாந்தின் ஃபுரோம் அருகே ஒரே பானையில் கிடைத்த 52,503 காசுகளுள் இவன் வெள்ளி ஐந்தே.

இத்தகைய காசு நம் நாட்டு மண்ணில் ஏன் எதிர்பார்த்தற்கரியது? கி.பி. 64-இல் நீரோ வெள்ளிக்காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். மாற்று அறிந்த நம் வணிகர் பொன்னையே விரும்பலாயினர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த 501 காசுகளும் பொன்னே. பெரும்பாலானவற்றின் முகத்தில் உளிவெட்டு. கரௌசியஸ் காலத்திலோ மேற்கு வாணிகமே தளர்ந்திருந்தது. ஆதலின் அவன் காசொன்றைக் காட்டி, “கரூர் ஆற்றில் எடுத்தது” என்று எவரேனும் விலை கூறின், ஐயுறுக.

உண்மையாகவே புதையல் கிடைத்தால், அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்படின் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். விடுமுறைக்குக் கப்பலேறிச் சென்னை செல்லும் நம் தீவுக் குடும்பத்தார் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் சென்று வரலாம். உரோமக் காசுகள் அதன் சேகரிப்பில் உள்ளன.