காசிக்குப் போக ராயபுரத்துல ஏறணும்

கும்பலா கிளம்பி காசிக்குப் போறதுன்னா இன்னிக்கு சென்ட்ரல்தான். கழுத்துல டூர்க்காரர் மாட்டிவிட்ட அட்டை, கையில கட்டைப்பை, அதுக்குள்ள புளியோதரை டப்பா... அந்தக் கூட்டத்தை யாரும் பார்க்காம இருந்திருக்க முடியாது. ஆனா தெற்கே இந்த மாதிரி ரயிலேறிப் போற வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட இடம் சென்ட்ரல் இல்லைங்க, எங்க ராயபுரம். இதை எங்க ஏரியாவுலயே பாதி பேருக்குச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. அந்தக் கடுப்புல எழுதறதுதான் இது.

முதல்ல ரயிலுக்கு முந்தின கதை. ஏனுகுல வீராசாமின்னு ஒருத்தர். சென்னை சுப்ரீம் கோர்ட்டுல தலைமை மொழிபெயர்ப்பாளர். (ஆமாம், அப்போ சென்னையில சுப்ரீம் கோர்ட் இருந்தது!) 1830 மே 18, செவ்வாய்க்கிழமை ராத்திரி காசிக்குக் கிளம்பறார். தனியா இல்லை. அம்மா, மனைவி, சொந்தக்காரங்க, வேலையாட்கள், பல்லக்கு தூக்கறவங்கன்னு ஏறக்குறைய நூறு பேர். வடக்கே மாதவரம் வழியா போய் திருப்பதி, ஸ்ரீசைலம், ஹைதராபாத், நாக்பூர்னு நடந்து நடந்து காசி. அங்கிருந்து கயா, கல்கத்தா, பூரி, அப்புறம் கடலோரமாவே கீழே இறங்கி ஊர் வந்து சேர்ந்தது 1831 செப்டம்பர் 3. பதினைந்து மாசத்துக்கு மேல! வழியெல்லாம் பார்த்ததை, அரிசி கிடைச்ச ஊர், தண்ணி நல்லா இருந்த ஊர் உட்பட, தெலுங்குல எழுதி வெச்சார். அவர் 1836ல காலமாயிட்டார். நண்பர் சீனிவாச பிள்ளையோட முயற்சியில 1838ல அது 'காசி யாத்ர சரித்ர'ன்னு புத்தகமா வந்தது. ஒரு விஷயம் கவனிங்க. நூறு பேரைக் கூட்டிட்டு ஒன்றேகால் வருஷம் போய்வர வசதி இருக்கிறவர் போயிட்டு வந்தார். தண்டையார்பேட்டை நெசவாளியோ காசிமேட்டு மீனவரோ போக முடியுமா?

சரி, ரயிலுக்கு வருவோம். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1853ல வேலையை ஆரம்பிச்சது. பம்பாய் - தாணா அதே வருஷம் ஓட ஆரம்பிச்சாச்சு, ஹவுரா பக்கம் 1854. நம்ம முறை 1856. ஜூன் 28ம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்து வெச்சு, சுமார் 300 வெள்ளைக்காரங்களோட முதல் ரயில்ல போனார். இந்தியர்களுக்கு இன்னொரு ரயில், அது திருவள்ளூர் வரைக்கும்தான். திறப்பு விழா அன்னிக்கே தனித்தனிப் பந்தி! ஜூலை 1 முதல் ராயபுரம் - வாலாஜா ரோடு பொது ஜனங்களுக்காக ஓட ஆரம்பிச்சது.

இங்க ஒரு சின்ன சந்தேகம். கவர்னர் ஆம்பூர் வரைக்கும் போனதா பல இடத்துல எழுதியிருக்கு. ஆனா அந்த வருஷம் தண்டவாளமே வாலாஜாவைத் தாண்டலை. வாலாஜா ரோடு பக்கத்துல அம்மூர்னு ஒரு ஊர் இருக்கு. இங்கிலீஷ் எழுத்துல அது ஆம்பூர் ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன். என் ஊகம்தான், ஆம்பூர்க்காரங்க சண்டைக்கு வராதீங்க.

அப்புறம் மளமளன்னு நீண்டது. 1862ல ராயபுரத்திலிருந்து மேற்குக் கரையில பேப்பூர் வரை லைன் முடிஞ்சாச்சு. காலையில வங்காள விரிகுடாவைப் பார்த்துட்டு ஏறினவன் அரபிக்கடலைப் பார்த்து இறங்கலாம். பம்பாய் - கல்கத்தா லைன் இணைஞ்சதே 1870லதான், அப்படின்னா இது எவ்வளவு பெரிய விஷயம்! 1871ல ராய்ச்சூர்ல பம்பாய் லைனும் நம்ம லைனும் சேர்ந்தது. அந்த வருஷத்திலிருந்து ராயபுரத்துல ஏறினா ராய்ச்சூர், பூனா, ஜபல்பூர், அலகாபாத்னு மாறி மாறியாவது காசிக்கு ரயில்லயே போகலாம். கங்கையை மட்டும் படகுல தாண்டணும், பாலம் 1887லதான் வந்தது. வீராசாமிக்கு மாசக்கணக்குல ஆனது இப்போ நாள்கணக்கு. பல்லக்கும் வேணாம், கூடாரமும் வேணாம். டிக்கெட் காசு சேர்த்தா போதும்.

சுகமா போனாங்கன்னு சொல்லலை. 1917ல காந்தி பம்பாயிலிருந்து மெட்ராஸ் வரைக்கும் மூன்றாம் வகுப்புல வந்துட்டு எழுதினதைப் படிச்சா வயித்தைக் கலக்கும். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேர் உட்காரற பெட்டியில முக்கால்வாசி நேரம் 35 பேருக்கு மேல. ராய்ச்சூருக்கு அப்புறம் நெரிசல் தாங்க முடியாம போச்சாம். அதே லைன்தான். அந்த நெரிசல்லதான் சாதாரண ஜனங்க காசியையும் ராமேஸ்வரத்தையும் பார்த்தாங்க.

நிற்க. ராயபுரத்துக்கு என்ன ஆச்சு? 1873ல சென்ட்ரல் வந்தது. 1907ல அதுவே பிரதான ஸ்டேஷன் ஆனதும் ராயபுரத்து மவுசு போச்சு. கட்டடம் மட்டும் நிக்குது. பம்பாயிலயும் தாணாவுலயும் இருந்த ஆதி ஸ்டேஷன்கள் இப்போ இல்லை. அதனால இந்தியாவுல மிச்சம் இருக்கிறதுலயே பழைய ஸ்டேஷன் கட்டடம் இதுதான். 2005ல சீர் பண்ணித் திறந்தாங்க. தூண்களைப் பார்த்தா அரண்மனை மாதிரி இருக்கும், நிக்கிறது என்னவோ லோக்கல் ரயில்தான். சென்னைக்கு மூன்றாவது முனையம்னு பேச்சு வந்தப்போ ராயபுரத்துக்காக எத்தனை பேர் மனு போட்டாங்க! கடைசியில அது தாம்பரத்துக்குப் போச்சு. தெற்குன்னா அப்படி.

இன்னொரு வேடிக்கை. 1899ல கூடூர் லைன் வந்ததுல இருந்து, விஜயவாடா வழியா வடக்கே போற ரயில் பெரும்பாலும் சென்ட்ரல்ல கிளம்பி பேசின் பிரிட்ஜ் தாண்டி கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்னு எங்க கொல்லைப்புறம் வழியாத்தான் போகுது. காசி யாத்திரைக் கூட்டம் ஜன்னல்ல முதல்ல பார்க்கிறது எங்க துணி காயற கொடியையும் விம்கோ நகரையும்தான். 2017ல மூடின எண்ணூர் அனல் மின் நிலையம் இருந்த இடமும் அந்த வழியிலதான். ஆனா அதே ரயிலைப் பிடிக்க திருவொற்றியூர் பாட்டி மூட்டையோட தெற்கே சென்ட்ரல் வரைக்கும் போய், அங்க ஏறி, திரும்ப தன் வீட்டைத் தாண்டியே காசிக்குப் போகணும்.