உப்புக்குள்ள ஒரு அடுப்பு: தோரியம் உலையின் கதை

பெட்ரோமாக்ஸ் விளக்கு ஞாபகம் இருக்கா? ராத்திரி கல்யாண ஊர்வலம்னா தலையில தூக்கி வெச்சுகிட்டு வருவாங்களே, அதேதான். அதுக்குள்ள சாக்ஸ் மாதிரி ஒரு குட்டி வலை தொங்கும். மேண்டில்னு சொல்வோம். முதல் தடவை கொளுத்தினதும் துணி எரிஞ்சு வெள்ளைச் சாம்பல் கூடா நிக்கும். விரல் பட்டா உதிர்ந்துடும், ஆனா பத்திகிச்சுன்னா கண்ணு கூசும். அந்தச் சாம்பல்ல பெரும்பகுதி தோரியம் ஆக்ஸைடு. ஆஸ்திரியாவின் ஆவர் வோன் வெல்ஸ்பாக் கண்டுபிடிச்ச கலவை: 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம்.

இந்த மேண்டிலுக்காக தோரியம் தேடி அலைஞ்ச காலத்துலதான், 1909-ல ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர் கடற்கரை மணல்ல மோனசைட் இருக்குன்னு கண்டுபிடிச்சார். ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிறுல ஒட்டியிருந்த மணல்தான் காட்டிக்கொடுத்துச்சுன்னு சொல்வாங்க. அவர் ஆலை போட்ட ஊர் நம்ம மணவாளக்குறிச்சி!

சரி, விஷயத்துக்கு வருவோம். தோரியத்துல அணு உலை ஓட்ட முடியுமா?

தோரியம் ஈர விறகு மாதிரி. அப்படியே வெச்சா பத்தாது. அது ஒரு நியூட்ரானை விழுங்கணும். விழுங்கினா புரோட்டாக்டினியம்-233 ஆகும். அதுல பாதி யுரேனியம்-233 ஆக 27 நாள் பிடிக்கும். இந்த யுரேனியம்தான் எரியுற விறகு. நடுவுல இருக்கும் அந்தக் காத்திருப்புலதான் சிக்கல். அதுக்குள்ள புரோட்டாக்டினியம் இன்னொரு நியூட்ரானை முழுங்கிட்டா கணக்கு கெட்டுடும். திடமான எரிபொருள் கம்பிக்குள்ள இருந்து அதைத் தனியா எடுக்க வழியில்லை. எரிபொருளே திரவமா இருந்தா? உலை ஓடும்போதே பிரிச்சு எடுத்து ஓரமா வெச்சிடலாம். உருகிய உப்பு உலை மேல ஆசை வர இதுதான் முக்கியமான காரணம்.

ஆனா அந்த உலை பிறந்தது மின்சாரத்துக்காக இல்லை. ஆகாய விமானத்துக்காக! தரையிறங்காம நாள்கணக்குல பறக்கிற குண்டு வீச்சு விமானம் வேணும்னு அமெரிக்க விமானப்படை ஆசைப்பட்டுச்சு. 1954 நவம்பர்ல டென்னசியின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்துல 2.5 மெகாவாட் சோதனை உலையைச் சில நாள் ஓட்டினாங்க. யுரேனியம் கலந்த உப்புக் குழம்பு 860 டிகிரி வரை போச்சு. அப்புறம் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் வந்தாச்சு. 1961-ல கென்னடி விமானத் திட்டத்தையே மூடிட்டார்.

விமானம் போனாலும் உலை மேல உள்ள பிரியம் போகலை. அந்த ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஆல்வின் வைன்பெர்க் அதைப் பிடிச்சுகிட்டார். 1965 ஜூன் 1-ல புது சோதனை உலை உயிர் பெற்றது. கிராஃபைட் கட்டைகளுக்கு நடுவே 650 டிகிரி உப்புக் குழம்பு ஓடும். தண்ணீர் உலைகள் மாதிரி 150 மடங்கு காற்றழுத்தம் எல்லாம் இல்லை. அடியில ஒரு குழாய். அதுல கொஞ்சம் உப்பைக் காத்து ஊதி உறைய வெச்சிருப்பாங்க. கரண்ட் போனா ஊதுறது நிக்கும், அடைப்பு உருகும், எரிபொருள் மொத்தமும் கீழே தொட்டிக்கு இறங்கிடும். யாரும் ஓடி வந்து பொத்தான் அமுக்க வேண்டாம்.

1968 அக்டோபர்ல யுரேனியம்-233 போட்டு ஓட்டினாங்க, உலகத்துலேயே முதல் தடவையா. உலையை இயக்கி வெச்சவர் கிளென் சீபோர்க். யுரேனியம்-233-ஐக் கண்டுபிடிச்ச குழுவுல இருந்தவரே அவர்தான். 1969 டிசம்பர்ல உலையை நிறுத்தினாங்க. ஒண்ணு கவனிங்க: அந்த உலைக்குள்ள தோரியம் போடவே இல்லை. அந்த யுரேனியம் வேற உலைகள்ல தோரியத்துலேருந்து தயாரானது. இதைப் பலர் மறந்துடறாங்க.

அப்புறம் ஏன் நின்னுச்சு? "தோரியத்துல குண்டு செய்ய முடியாது, அதான் ஒழிச்சுட்டாங்க"ன்னு ஒரு கதை சுத்துது. எனக்கு அது ஒத்துக்கலை. 1955-ல அமெரிக்கா வெடிச்ச ஒரு சோதனைக் குண்டுல யுரேனியம்-233 இருந்துச்சு. குண்டுக்கான புளுட்டோனியத்துக்கு அவங்ககிட்ட தனி உலைகள் ஏற்கனவே இருந்துச்சு. உண்மைக் காரணம் சாதாரணமானது. தண்ணீர் உலையைக் கடற்படை நீர்மூழ்கிக்காகத் தேர்ந்தெடுத்து முன்னாடி ஓடிடுச்சு. மிச்சப் பணம் சோடியம் வேக ஈனுலைக்குப் போயிடுச்சு. உப்பு உலைக்குத் தொல்லைகளும் உண்டு. டெல்லூரியத்தால உலோகத்துல நுண்ணிய விரிசல், லித்தியத்துலேருந்து வர்ற டிரிட்டியம், இப்படி.

இதுல என்னை உறுத்துறது வைன்பெர்க்கின் கதைதான். தண்ணீர் உலைக்கு விக்னரோட சேர்ந்து காப்புரிமை வாங்கினவர் அவர். அதே உலைகள் பிரம்மாண்டமா வளர்ந்தப்போ, குளிர்விக்கும் தண்ணீர் போயிட்டா என்ன ஆகும்னு கேட்டவரும் அவரே. அணுசக்திக் குழுவின் செல்வாக்குள்ள உறுப்பினர் ஹோலிஃபீல்ட், பாதுகாப்பு பத்தி அவ்வளவு கவலைன்னா அணுத்துறையை விட்டே போயிடலாமேன்னு சொன்னதா வைன்பெர்க் சுயசரிதையில எழுதியிருக்கார். 1973-ல பதவி போச்சு. உப்பு உலைத் திட்டமும் அதே வருஷம் நின்னு, திரும்ப உயிர் வந்து, 1976-ல ஒரேயடியா முடிஞ்சுது. 1979-ல திரீ மைல் ஐலண்ட் தண்ணீர் உலையில எரிபொருள் உருகினது, அவர் பயந்த மாதிரியே, தண்ணீர் போனதாலதான்.

மூடின உலையும் சும்மா இருக்கலை. 1994-ல பார்த்தா, உறைஞ்ச உப்புலேருந்து யுரேனியம் வாயுவாக் கிளம்பிக் குழாய்களுக்குள்ள போய் உக்காந்திருக்கு! சுத்தம் பண்ண வருஷக்கணக்கா ஆச்சு. அடுப்பை அணைச்சுட்டுச் சாம்பலை அள்ளாமப் போனா இப்படித்தான்.

விட்ட இடத்துலேருந்து எடுத்தது சீனா. 2011-ல திட்டம், கான்சு மாகாணம் வூவெய்ல 2 மெகாவாட் வெப்பத் திறன்ல ஒரு சின்ன உலை. 2023 அக்டோபர்ல உயிர் பெற்றது. 2024 அக்டோபர்ல தோரியம் போட்டாங்க. அது யுரேனியமா மாறுதுன்னு 2025 நவம்பர்ல அறிவிச்சாங்க. ஓக் ரிட்ஜ் எழுதி வெச்சிட்டுப் போன அறிக்கைகள்தான் அவங்களுக்கு ஆரம்பப் பாடம்.

நாம? ஹோமி பாபா 1954-லயே மூணு கட்டத் திட்டம் போட்டார், மூணாவது கட்டம் தோரியம். கல்பாக்கத்துல 1996-ல காமினி என்ற 30 கிலோவாட் உலையை யுரேனியம்-233-ல ஓட்டிக் காட்டினாங்க. அது திட எரிபொருள்தான், குட்டி உலைதான். ஆனா நடந்தது நம்ம கடற்கரையில.

தோரியம் வந்தா எல்லாம் இலவசம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது கதைக்கு உதவாதுன்னு சொன்னாலும் நம்பாதீங்க. நாலு வருஷம் ஓடிக் காட்டின ஒரு உலையை நாப்பது வருஷத்துக்கு மேல மறந்துபோன கதை இது. மணவாளக்குறிச்சி மணலுக்கு அவசரம் ஒண்ணும் இல்லை. தோரியம் பாதியாத் தேய 1400 கோடி வருஷம் ஆகும். அவசரம் நமக்குத்தான் :-)